எழுபது தாண்டியவருக்கு எந்த டெஸ்ட் எடுக்கலாம், எதை விடலாம்?

போன வருசம் சித்திரையில், பெங்களூரில் இருக்கும் என் தம்பி அப்பாவுக்கு ஒரு ‘ஃபுல் பாடி செக்கப்’ புக் பண்ணிவிட்டான். அறுபத்துச் சொச்சம் அளவுகள், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போவார்கள், ரிப்போர்ட் வாட்ஸப்பில் வந்துவிடும். அப்பாவுக்கு 76 வயது. கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். விடிவதற்குள் எழுந்து, மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டு, பால் கறந்து, கேனோடு சொசைட்டிக்கு நடந்தே போய் வருபவர். “எனக்கென்ன கேடு, நல்லாத்தான இருக்கறேன்” என்றார். “நல்லா இருக்கறப்பவே பாத்துக்கோணுமுங்கப்பா” என்று நானும் தம்பிக்கு ஒத்து ஊதினேன்.

ரிப்போர்ட்டில் ஒன்பது எண்கள் சிவப்பில் வந்தன. எட்டை விட்டுவிடலாம். ஒன்பதாவது பி.எஸ்.ஏ., அதாவது புரோஸ்டேட் சுரப்பி சம்பந்தப்பட்ட ரத்தப் பரிசோதனை. 4-க்குள் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது, அப்பாவுக்கு 6.1. அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி, எம்.ஆர்.ஐ., அதில் ஒரு ‘சந்தேகம்’, அதற்காகப் பயாப்சி, அதாவது ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்ப்பது. பயாப்சி எடுத்த மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல், ஐந்து நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் டிரிப்ஸ். கடைசியில் வந்த முடிவு: புற்று இல்லை, வயதானால் வருகிற வீக்கம்தான். எல்லோரும் சந்தோசப்பட்டோம். ஆனால் அப்பா மறுபடி பால் கேனைத் தூக்குவதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

எங்கள் ஊர் டாக்டருக்கு அப்பாவை நாற்பது வருசமாகத் தெரியும். ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். “ஏங்கண்ணு, ஐயனுக்கு ஒண்ணுக்குப் போறதுல ஏதாச்சும் தொந்தரவு இருந்துச்சா?” “இல்லீங்க டாக்டர்.” “அப்புறம் எதுக்கு அந்த டெஸ்ட்டு?” என்னிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைத் தேடிப் படித்ததும் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உடம்பில் ஒரு தொந்தரவு இருந்து, அதற்குக் காரணம் தேடி எடுப்பது ஒரு வகை டெஸ்ட். எந்தத் தொந்தரவும் இல்லாதவரிடம், உள்ளே ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு வகை. இரண்டாவதற்குத்தான் ஸ்கிரீனிங் என்று பெயர். இந்தக் கட்டுரை முழுக்க இரண்டாவது வகையைப் பற்றியது. மலத்தில் ரத்தம், மாதவிடாய் நின்று பல வருசம் கழித்து ரத்தப்போக்கு, மார்பில் கட்டி, வாயில் மூன்று வாரமாக ஆறாத புண், விழுங்கும்போது அடைப்பு, காரணமில்லாமல் எடை குறைவது, நடந்தால் நெஞ்சு இறுக்கிப் பிடிப்பது: இப்படி ஏதாவது இருந்தால் வயது 90 என்றாலும் டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். அங்கே ‘வயசாச்சு, எதுக்கு டெஸ்ட்டு’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஸ்கிரீனிங் என்பது சல்லடையில் சலிப்பது போல. கல் மேலே நிற்கும். கூடவே கொஞ்சம் பெரிய மணிகளும் நிற்கும். நின்றதெல்லாம் கல் இல்லை, விழுந்ததெல்லாம் சுத்தமும் இல்லை. பி.எஸ்.ஏ. 4-க்கும் 10-க்கும் நடுவில் இருப்பவர்களுக்குப் பயாப்சி எடுத்தால் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் புற்று தெரியவரும். மீதி மூன்று பேரும் என் அப்பாவைப் போலத்தான்: வீக்கம், கிருமித் தொற்று, அல்லது வெறும் வயது.

சிவப்பு எழுத்து எப்படி வருகிறது

லேப் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று ஒரு எல்லை போடுகிறார்களே, அது பல அளவுகளுக்கு எப்படி வருகிறது தெரியுமா? ஆரோக்கியமான நிறையப் பேரிடம் அந்த அளவை எடுத்து, அதில் நடுவில் இருக்கும் 95 சதவீதம் பேர் எதற்குள் அடங்குகிறார்களோ அதை நார்மல் என்று வைத்துக்கொள்கிறார்கள். அதாவது, நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேர் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். அப்படித்தான் அந்தக் கோட்டையே போட்டிருக்கிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு டெஸ்ட் எடுத்தால் சும்மாவே சிவப்பு வர 5 சதவீத வாய்ப்பு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒன்றாவது சிவப்பில் வர 64 சதவீத வாய்ப்பு. 60 எடுத்தால் 95 சதவீதத்தையும் தாண்டிவிடும். நிஜத்தில் பல அளவுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்கும் என்பதால் இவ்வளவு துல்லியமாக வராது. ஆனால் விசயம் புரிந்திருக்கும். அறுபது அளவு பார்க்கும் பேக்கேஜில் எல்லாமே கறுப்பில் வந்தால்தான் ஆச்சரியம். ‘அறுபது டெஸ்ட், விலையோ இவ்வளவுதான்’ என்ற விளம்பரத்தைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் ‘மூன்று சிவப்பு எழுத்து இலவசம்’ என்றுதான் படிக்கத் தோன்றுகிறது.

அந்தச் சிவப்பு எழுத்து சும்மா கிடக்காது. அடுத்த டெஸ்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போகும். அதில் வேறு ஏதாவது கண்ணில் படும். வயிற்று ஸ்கேனில் சிறுநீரகத்தில் ஒரு நீர்க்கட்டி, ஈரலில் ஒரு புள்ளி, நெஞ்சு சி.டி.யில் எப்போதோ வந்து போன காசநோயின் தழும்பு. எழுபது வருசம் வெயிலில் நின்ற வேப்பமரத்தில் முடிச்சும் பொந்தும் இல்லாமல் இருக்குமா? உடம்பும் அப்படித்தான். தேடினால் கிடைக்கும்.

தைராய்டுக்கு வருவோம். வயது ஏற ஏற டி.எஸ்.ஹெச்., அதாவது தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோனின் அளவு, கொஞ்சம் மேலே போவது இயல்பு. அதற்காக மாத்திரை கொடுத்தால் முதியவர்களுக்கு நல்லதா என்று ஐரோப்பாவில் 65 வயது தாண்டியவர்களிடம் ஆய்வு செய்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். லேசான ஏற்றத்துக்கு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சோர்வு உட்பட எதிலும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் பேக்கேஜில் டி.எஸ்.ஹெச். இருக்கும், லேசான சிவப்பு வரும், மாத்திரை ஆரம்பமாகும், ஆயுசுக்கும் நிற்காது.

தென்னையும் கீரையும்

இனிச் சொல்லப்போவதுதான் எனக்குக் கண் திறந்த இடம். நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லதுதானே, அதில் என்ன கேள்வி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கேள்வி இருக்கிறது: பலன் கைக்கு வர எத்தனை வருசம்?

கீரை விதைத்தால் மூன்று நாலு வாரத்தில் பறிக்கலாம். மஞ்சள் வைத்தால் பத்து மாசம். நெட்டைத் தென்னை வைத்தால் பாளை விட ஆறேழு வருசம். டெஸ்ட்டுகளும் இப்படித்தான். மார்பகப் புற்றுக்கும் பெருங்குடல் புற்றுக்கும் ஸ்கிரீனிங் செய்த பெரிய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்து 2013-இல் ஒரு கட்டுரை வந்தது. 1000 பேருக்குச் சோதனை செய்து அதில் ஒரு சாவைத் தடுக்க வேண்டும் என்றால், பலன் தெரிய சுமார் பத்து வருசம் ஆகிறது. தொந்தரவோ அன்றைக்கே வந்துவிடும்: அலைச்சல், பயம், ஊசி, ஆபரேஷன், செலவு. அது கீரை மாதிரி, பலன் தென்னை மாதிரி.

தோட்டத்தில் 80 வயதுக்காரர் தென்னங்கன்று வைத்தால் யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். பேரன் இளநீர் குடிப்பான். ஆனால் மேமோகிராமின், அதாவது மார்பக எக்ஸ்ரேயின், பலனைப் பேத்திக்கு எழுதி வைக்க முடியாது.

அமெரிக்காவில் ஸ்கிரீனிங்கைப் பற்றி மட்டும் ஆராய்ந்து பரிந்துரை சொல்ல ஒரு நிபுணர் குழு இருக்கிறது. டெஸ்ட் விஷயத்தில் தாராளமான நாடு அது. அங்கேயே, பி.எஸ்.ஏ. சோதனையை 55 முதல் 69 வயது வரை டாக்டரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், 70-க்கு மேல் வேண்டாம் என்று 2018-இல் சொல்லிவிட்டார்கள். மேமோகிராம் 74 வரை, அதற்கு மேல் நன்மை உண்டா என்று சொல்ல ஆதாரம் போதாது என்கிறார்கள். பெருங்குடலுக்கு 75 வரை, 76 முதல் 85 வரை ஆளைப் பார்த்து, அதற்கு மேல் வேண்டாம்.

சரி, சீக்கிரம் கண்டுபிடித்தவர்கள் அதிக வருசம் வாழ்கிறார்கள் என்று ஆஸ்பத்திரி போர்டில் போட்டிருக்கிறதே? அதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. ஈரோட்டிலிருந்து கோயமுத்தூர் போகும் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஈரோட்டிலேயே ஏறுகிறார். இன்னொருவர் அவிநாசியில் ஏறுகிறார். இருவரும் காந்திபுரத்தில் ஒரே நேரத்தில்தான் இறங்குகிறார்கள். ஈரோட்டில் ஏறியவர் அதிக நேரம் பயணம் செய்தார் என்பது உண்மை, ஆனால் அதனால் பஸ் லேட்டாகப் போய்ச் சேரவில்லை. 73 வயதில் டெஸ்ட் எடுத்து நோயைக் கண்டுபிடித்தவர் 80-இல் இறந்தால், ‘கண்டுபிடித்த பிறகு ஏழு வருசம் வாழ்ந்தார்’ என்று கணக்கு. அதே நோய் 78-இல் தொந்தரவு கொடுத்துத் தெரியவந்து, 80-இல் இறந்தவருக்கு இரண்டு வருசம். ஆயுசு கூடவில்லை, நோயாளியாக இருந்த காலம்தான் கூடியது. எல்லா நோய்க்கும் இப்படி என்று சொல்லவில்லை. ஆனால் ‘கண்டுபிடித்த பிறகு இத்தனை வருசம்’ என்ற கணக்கை மட்டும் வைத்து ஒரு டெஸ்ட்டை நல்லது என்று சொல்ல முடியாது. எடுத்தவர்கள் கூட்டத்தில் சாவு குறைந்ததா என்பதுதான் கணக்கு.

பஸ்ஸில் ஏறாமலே இருந்திருக்கக்கூடியவர்களும் உண்டு. 70 வயதுக்கு மேல் வேறு காரணத்தால் இறந்த ஆண்களைப் பிரேதப் பரிசோதனை செய்து பார்த்ததில், மூன்றில் ஒருவருக்காவது புரோஸ்டேட்டில் புற்று இருந்திருக்கிறது. அது அவர்களை ஒன்றும் செய்யவில்லை, அவர்களுக்குத் தெரியவும் இல்லை. தென்கொரியாவில் நடந்தது இன்னும் பெரிய கதை. அங்கே செக்கப்போடு சேர்த்துக் கொஞ்சம் பணம் கூடக் கொடுத்தால் கழுத்துக்கும் அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்கள். 1993-க்கும் 2011-க்கும் நடுவில் தைராய்டு புற்று கண்டுபிடிப்பு 15 மடங்கானது. அதனால் இறப்பவர்கள் எண்ணிக்கையோ அப்படியே இருந்தது. கண்டுபிடிக்கப்பட்ட ஏறக்குறைய எல்லோருக்கும் கழுத்தில் ஆபரேஷன், பெரும்பாலோருக்கு ஆயுசுக்கும் மாத்திரை. அங்குள்ள டாக்டர்கள் சிலரே 2014-இல் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்த பிறகு ஒரே வருசத்தில் ஆபரேஷன்கள் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

வயதை எப்படிப் பார்ப்பது

70, 75 என்பதெல்லாம் பேச்சுக்கு ஒரு எல்லைக்கல். எங்கள் ஊரிலேயே 82 வயதில் மொபெட்டில் உரமூட்டை கொண்டு போகிறவர் இருக்கிறார். 66-இல் இரண்டு தடவை பக்கவாதம் வந்து, சிறுநீரகமும் கெட்டுப் படுக்கையில் இருப்பவரும் இருக்கிறார். முதல் ஆளுக்குப் பத்து வருசக் கணக்குப் போடுவதில் தப்பில்லை. இரண்டாமவருக்கு மேமோகிராமும், குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலனோஸ்கோப்பியும் எழுதிக் கொடுப்பதை என்னால் வைத்தியம் என்று சொல்ல முடியாது.

ஆகவே டாக்டரிடம் ‘வயசு என்ன’ என்பதோடு பேச்சை முடித்துக்கொள்ளக் கூடாது. தானே குளித்து உடுத்துகிறாரா, எவ்வளவு தூரம் நடக்கிறார், போன வருசம் எத்தனை தடவை ஆஸ்பத்திரியில் படுத்தார், எடை குறைகிறதா, இருக்கிற நோய்கள் என்னென்ன என்பதையெல்லாம் சொல்ல வேண்டும். பிறகு நாம் திருப்பிக் கேட்க வேண்டியது: இந்த டெஸ்ட்டில் ஏதாவது வந்தால் அடுத்து என்ன செய்வோம்? அந்த வைத்தியத்தை அப்பா தாங்குவாரா? அதைவிட முக்கியம், அவர் ஒத்துக்கொள்வாரா? ‘எது வந்தாலும் ஆபரேஷன் வேண்டாம்’ என்று ஒருவர் முன்பே தீர்மானமாக இருந்தால், ஆபரேஷனுக்கு வழிகாட்டும் டெஸ்ட்டை எடுத்து அவர் தூக்கத்தை மட்டும் கெடுப்பதில் என்ன பயன்? இதை அவரிடம் நேராகக் கேட்கலாம். நாங்கள் கேட்கவில்லை. தம்பியும் நானும் போனில் பேசி முடித்துக்கொண்டோம்.

இங்கே ஒரு விசயம் சொல்ல வேண்டும். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இல்லையே என்ற உறுத்தல் இருக்கும். பேக்கேஜ் வாங்கிக் கொடுப்பது அந்த உறுத்தலுக்கு மருந்து. தம்பியைக் குறை சொல்லவில்லை, நானும் சேர்ந்துதான் செய்தேன்.

அம்மாவின் கதை

கவனித்தீர்களா, இதுவரை அம்மா வரவேயில்லை. ஏனென்றால் பேக்கேஜ் அப்பாவுக்கு மட்டும்தான். அம்மாவுக்கு 71. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இதுதான் நடக்கிறது: ஆணுக்குத் தேவையில்லாத டெஸ்ட், பெண்ணுக்குத் தேவையான டெஸ்ட்டும் கிடையாது.

அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு வீடாக வரும் பெண் அம்மாவுக்குப் பி.பி. பார்த்தார். 178-க்கு 96. நம்பாமல் மறுநாளும் பார்த்தார், கிட்டத்தட்ட அதேதான். அம்மாவுக்கு ஒரு தலைவலிகூட இல்லை. இதுவும் ஸ்கிரீனிங்தான், ஆனால் இது கீரை ரகம். 80 வயது தாண்டி, மேல் எண் 160-க்குக் குறையாமல் இருந்த நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பேரிடம் நடந்த ஒரு ஆய்வு 2008-இல் வெளியானது. பி.பி. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் சாவே ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சுமார் இரண்டு வருசத்துக்குள்ளேயே பலன் தெரிந்துவிட்டதால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பட்டைக் கருவிக்கு ஆகும் நேரம் ஐந்து நிமிசம். ஒன்று மட்டும்: உட்கார்ந்து பார்த்த பிறகு எழுந்து நின்றும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். நின்றதும் 20-க்கு மேல் இறங்கினால் தலைசுற்றி விழ வாய்ப்பிருக்கிறது, மாத்திரையை அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

சர்க்கரையும் பார்க்கலாம். ஆனால் முதியவர்களுக்கு அதை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. பல நோய்களோடு தளர்ந்திருப்பவருக்கு மூன்று மாதச் சராசரி (ஹெச்.பி.ஏ.1சி.) 8 வரை இருந்தாலும் பரவாயில்லை என்றுதான் டாக்டர்கள் விடுகிறார்கள். 6-க்குக் கொண்டு வருகிறேன் என்று மாத்திரையைக் கூட்டினால் சர்க்கரை திடீரென்று இறங்கி, ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுந்து, இடுப்பு எலும்பு உடையும்.

விழுவது என்றதும் ஞாபகம் வருகிறது. காசில்லாத ஒரு டெஸ்ட் இருக்கிறது, இன்றைக்கே வீட்டில் பார்க்கலாம். நாற்காலியில் உட்காரவைத்து, எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் ஆபத்து உண்டு என்று அர்த்தம். அம்மாவுக்கு 15 ஆனது. காரணம் பாதி கண். அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை என்று ஒரு வருசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நாங்கள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. கோயமுத்தூரில் அரவிந்த், சங்கரா போன்ற கண் மருத்துவமனைகள் ஊர் ஊராக முகாம் நடத்துகின்றன, அப்படி ஒரு முகாமில்தான் கண்டுபிடித்தார்கள். ஆபரேஷன் ஆன மறுவாரம், சமையலறைச் சுவர் இவ்வளவு அழுக்கா என்று எங்களைத் திட்டினார்.

65 தாண்டிய பெண்களுக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று எடுத்துப் பார்ப்பது நல்லது. முகாம்களில் குதிகாலில் வைத்துப் பார்க்கும் சின்ன மெஷினை மட்டும் நம்பி மாத்திரை ஆரம்பிக்க வேண்டாம், இடுப்பிலும் முதுகிலும் எடுக்கும் டெக்ஸா ஸ்கேன்தான் கணக்கு. வெற்றிலை புகையிலை போடும் பாட்டிகள் இருந்தால், டார்ச் அடித்து வாயைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். திருவனந்தபுரத்தில் நடந்த ஆய்வில், புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களின் வாயை இப்படி வெறுமனே பார்த்ததிலேயே வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பீடி, சிகரெட் பிடித்த 65 முதல் 75 வயது ஆண்களுக்கு, வயிற்றில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை அல்ட்ராசவுண்ட் பார்க்கலாம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பாடம் நம் பக்கத்து மண்ணிலேயே எழுதப்பட்டது. ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்தில் அம்பிளிக்கை இருக்கிறதே, அதை மையமாக வைத்துத் திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் ஒரு ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயதுப் பெண்கள் சுமார் 80,000 பேர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு மட்டும் பயிற்சி பெற்ற நர்சுகள் கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற திரவத்தைத் தடவிக் கண்ணால் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை பார்த்ததிலேயே அந்தப் புற்றால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் வெளியிட்டார்கள். உலகம் முழுக்க அதைப் படித்தார்கள்.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் ‘65-க்கு மேல் இந்தச் சோதனை தேவையில்லை’ என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு வேண்டாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அந்த வரிக்கு முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது: அதுவரை ஒழுங்காகச் சோதனை செய்து, எல்லாம் சரியாக வந்தவர்களுக்கு. எங்கள் அம்மா 71 வருசத்தில் ஒரு தடவைகூட எடுத்ததில்லை. அம்மா தலைமுறையில் பெரும்பாலோர் அப்படித்தான். அவர்களுக்கு ஒரு தடவை எடுத்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. மாதவிடாய் நின்றவர்களுக்கு மாற்றம் நடக்கும் இடம் உள்ளே போய்விடுவதால் வினிகர் சோதனை சரிவராது, கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை வழித்தெடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரோ, இந்தப் புற்றை உண்டாக்கும் கிருமியைத் தேடும் ஹெச்.பி.வி. சோதனையோ கேட்க வேண்டும். 2023-இல் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுகளுக்கு ஊர்வாரியாக ஆட்களைக் கூப்பிட்டுச் சோதிக்கும் திட்டத்தை அரசு நாலு மாவட்டங்களில் தொடங்கியபோது எங்கள் ஈரோடும் அதில் ஒன்று. அம்மா போகக் கூச்சப்பட்டார். பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மாவையும் சேர்த்துக் கூட்டிப்போன பிறகுதான் வழிக்கு வந்தார்.

மீதியைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். தொந்தரவு இல்லாதவருக்குக் கழுத்து ரத்தக்குழாய் டாப்ளர் ஸ்கேன் வேண்டாம். ‘கேன்சர் மார்க்கர்’ என்று சி.ஏ. 125, சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனைகளை எடுப்பது ஆரோக்கியமானவரிடம் புற்றைத் தேடுவதற்கு ஆனதல்ல. முழு உடம்பு சி.டி. ஸ்கேனைப் பரிசாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒரு வயிற்று சி.டி.யிலேயே நெஞ்சு எக்ஸ்ரேயைப் போல நூறு மடங்கு, அதற்கு மேலும்கூடக் கதிர்வீச்சு இருக்கலாம்.

இந்தச் சித்திரையிலும் தம்பி போன் பண்ணினான். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆஃபர் போட்டிருக்கிறார்களாம். நான் அந்தப் பணத்துக்கு வேறு பட்டியல் கொடுத்தேன்: பாத்ரூமில் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி, வழுக்காத டைல்ஸ், ஒரு பி.பி. மெஷின். எல்லாம் வந்துவிட்டது. மெஷின் அம்மாவுக்காக வாங்கியது. ஆனால் அப்பாதான் தினமும் மூன்று தடவை கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வருகிறார். 134 வந்தால் “ஏங்கண்ணு, காத்தால 128 தான இருந்துச்சு?” என்கிறார்.